கிளைமீனியாவை விட்டுவிட்டீர்களே

அழிந்துபோன கடல் உயிரியான அம்மோனைட்டின் சுருள் ஓட்டு அறைகளை ஊடுருவிச் செல்லும் சைஃபங்கிள் குழாய் எப்போதும் சுருளின் வெளிவிளிம்பை ஒட்டித்தான் ஓடும் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு அது சரி. ஆனால் டெவோனியன் என்ற புவியியல் காலத்தின் கடைசிக் கட்டத்தில் வாழ்ந்த கிளைமீனியா வகையில் விஷயம் அப்படியே தலைகீழ், அங்கே குழாய் உட்பக்கமாக, முந்தைய சுற்றை உரசிக்கொண்டு போகும். சரிபாதியாக வெட்டி மெருகேற்றிய புதைபடிவம் ஒன்றைப் பார்த்தால் தெரியும், ஒவ்வொரு தடுப்புச்சுவரையும் அந்த மெல்லிய குழாய் உள் ஓரத்தில்தான் கடந்திருக்கும். அறையில் இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்து மிதப்பைச் சரிசெய்கிற அதே வேலைதான், இடம் மட்டும்தான் வேறு.

தடுப்புச்சுவர்கள் ஓட்டோடு சேரும் இடத்தில் தெரியும் தையல்கோடுகளும் பின்னால் வந்த அம்மோனைட்டுகளைப் போல இலை விளிம்பாகக் கிளைத்துச் சிக்கலாகாமல், எளிமையான வளைவுகளாகவே இருக்கும். அப்புறம் இதே வகையைச் சேர்ந்த சோலிகிளைமீனியா! அதில் சில இனங்களின் சுருள் வட்டமாக இல்லாமல் முக்கோணமாகவே வளர்ந்திருக்கிறது, இதைவிட அழகான ஓடு அந்தக் காலத்தில் இல்லை என்பேன்.

சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் முடிவில் வந்த பேரழிவில் கிளைமீனியா வகை முழுவதும் அழிந்துவிட்டது. தப்பிப் பிழைத்த, குழாய் வெளிவிளிம்பில் ஓடும் இன்னொரு வகையான கோனியடைட்டுகளின் வழியில்தான் பிற்கால அம்மோனைட்டுகள் வந்தன, அதனால்தான் வெளிவிளிம்புக் குழாயே விதி மாதிரித் தெரிகிறது. கட்டுரையில் 'எப்போதும்' என்பதை மட்டும் 'பெரும்பாலும்' என்று மாற்றிவிடுங்கள்.