அறிந்தும் அறியாமலும்

"நாங்கள் அறிந்தும் அறியாமலும் செய்த பாவங்களை மன்னியும் ஆண்டவரே." எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் இந்த வரி வராத ராத்திரி கிடையாது. அப்பா சொன்னார், இப்போது நான் சொல்கிறேன், என் மகனுக்கும் மனப்பாடம். வரியில் தப்பில்லை. ஆனால் அன்றைக்குச் செய்த எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட முடிகிறது, அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவிடம், என் வெள்ளைச் சட்டை ஒன்று குறைகிறது என்று நாலு பேர் நிற்கும்போது சத்தம் போட்டேன். "எண்ணித்தாண்ணே கொடுத்தேன்" என்றார். "அப்போ சட்டை பறந்தா போச்சு?" என்று கேட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் அந்தச் சட்டை என் மகனின் அலமாரியில், பள்ளிச் சீருடைக்கு அடியில் இருந்தது. மனைவி எடுத்துவந்து கட்டில்மேல் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது மணிக்கு ஜெபம். "அறிந்தும்" என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் வரவில்லை. அறிந்துதானே செய்தேன்.

மனந்திரும்புதல் என்றால் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் அழுவது, இல்லாவிட்டால் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்து 40 நாளும் கறி சாப்பிடாமல் இருப்பது என்றே நம்மில் பலர் பழகிவிட்டோம். ஆனால் பரமண்டல ஜெபத்தைப் பாருங்கள். இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்ட கையோடு, எங்கள் கடன்களை மன்னியும் என்று கேட்கச் சொல்கிறார் இயேசு. சோறு தினமும் வேண்டும் என்றால் மன்னிப்பும் தினமும் வேண்டும்.

"ஒரு தடவை இரட்சிக்கப்பட்டாச்சு, அப்புறம் எதுக்கு தினமும் பாவி பாவின்னு அழணும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு, அவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. எப்போதும் குற்ற உணர்விலேயே வைத்து ஆட்களை ஆட்டிவைக்கிற பிரசங்கத்தை நானும் கேட்டு நொந்திருக்கிறேன். ஆனால் பேதுருவின் காலைக் கழுவும்போது ஆண்டவர் என்ன சொன்னார்? முழுகினவன் கால்களை மட்டும் கழுவினால் போதும் என்றார் (யோவான் 13). திரும்ப முழுக வேண்டாம், சரி. ஆனால் தெருவில் நடந்த காலில் தூசி ஒட்டத்தான் செய்யும், அதைக் கழுவாமல் பாயில் படுக்கலாமா?

1517இல், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மன் குரு மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே இதுதான்: விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற காலத்தில், காசு கொடுத்து முடித்துவிடுகிற காரியம் இல்லை இது என்று சொல்லத்தான் அவர் அங்கே ஆரம்பித்தார். கேள்வி பதிலாக அவர் எழுதிய உபதேசப் புத்தகமான சிறிய ஞானோபதேசத்தில் ஞானஸ்நானப் பகுதியிலும் அதே பேச்சு: நமக்குள் இருக்கிற பழைய ஆதாம் தினமும் மூழ்கிச் சாக வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழில் கொண்டுவந்தார். முந்நூறு வருஷமாக நம் கையில் இருக்கிறது.

நம் தமிழ்ச் சொல்லே எவ்வளவு அழகு! மனம் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. மனது வருத்தப்பட்டதோடு நின்றுவிட்டால் பாதிச் சொல்தான் நடந்திருக்கிறது. இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரன் சகேயு "என் பாவங்களை மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்காரவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று கணக்கோடு சொன்னான். ராத்திரி ஜெபத்திலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இன்றைக்கு யாரிடம், எந்த வார்த்தை, எந்தப் பொய், எவ்வளவு பணம். பெயர் சொல்லிச் சொன்னால் நாக்கு கூசும். கூசட்டும்.

மறுநாள் ஞாயிறு. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்ற வசனம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆராதனைக்குப் போகிற வழியில் அந்த இஸ்திரி அக்காவிடம் என் வண்டியை நிறுத்தினேன். அன்றைக்கும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். "அக்கா, சட்டை வீட்டுலதான் இருந்துச்சு. நான் பேசினது தப்பு, மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் கரியை விசிறிக்கொண்டே, "கிடைச்சிடுச்சில்ல, விடுங்கண்ணே. ராத்திரியெல்லாம் நான் துணி மூட்டையைத் திரும்பத் திரும்பப் பிரிச்சுப் பார்த்தேன்" என்றார்.

நான் ஜெபம் சொல்ல முடியாமல் நின்ற அதே ராத்திரி. ஞாயிறு ராத்திரி குடும்ப ஜெபத்தில் அந்த அக்காவின் பெயரைச் சொன்னேன். மகன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.