சீசனுக்குக் காலி பண்ணச் சொல்லாத வீடு

போன வாரம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. சென்னையில் ஐடி வேலையை விட்டுவிட்டு, கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் வாங்கி, வீடு கட்டிக் குடிவந்த ஒருவர் பேசுகிறார். "மாசம் பத்தாயிரம் ரூபா போதுங்க. சிட்டியில இருக்குறவங்க வாழ்க்கையத் தொலைச்சுட்டு நிக்குறாங்க" என்கிறார். பின்னால் தேயிலைச் சரிவு, பனிமூட்டம். அதற்குக் கீழே என் சித்தி மகன் "நூத்துக்கு நூறு உண்மை" என்று போட்டிருந்தான். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இந்த மலையில் அவனுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. எனக்கும் கிடையாது.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் வாடகை என்ற வரியே இல்லை, அவ்வளவுதான். சென்னையில் சம்பாதித்த பணம் அந்த வரியை அழித்துவிட்டது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு இங்கே திரும்பி வர நினைக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வரி இருக்கிறது. பதினேழு வருடம் சென்னையில் வாடகை வீட்டில் இருந்தேன், ஐந்தரை வருடமாகக் கோத்தகிரியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். இரண்டையும் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தை இங்கே "சிலோன்காரங்க" என்பார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அதில் ஒரு குடும்பம் என் தாத்தாவுடையது. 1971இல் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரி. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு வாய்த்தது தனியார் தோட்டம் ஒன்று. தொழிலாளிகளுக்குத் தோட்டம் வரிசையாகக் கட்டிக் கொடுக்கும் லைன் வீட்டில்தான் பிறந்தேன், படித்தேன், பி.காம் முடித்தேன். லைன் வீடு எப்படியென்றால், வேலை இருக்கும்வரைதான் வீடு. தோட்டத் தொழிலாளிக்கு நிர்வாகம் வீடு கொடுக்க வேண்டும் என்று 1951ஆம் வருடச் சட்டம் சொன்னது. ஓய்வு பெற்ற தொழிலாளி எங்கே போவது என்பதற்கு அதில் பதில் இருக்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் கவாத்துக் கத்தி பிடித்த கையோடு அப்பா 2011இல் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா நட்ட பேரிக்காய் மரம் இன்னும் அந்த வாசலில் நிற்கிறது.

2003 ஜூன் மாதம் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினேன். கிண்டியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. அடுத்த வருடம் கல்யாணம். ஆதம்பாக்கத்தில் ஒரு பெட்ரூம் வீடு, வாடகை 2,500, அட்வான்ஸ் 25,000. அந்த அட்வான்ஸுக்காக அம்மா தன் சங்கிலியை அடகு வைத்தார். பத்து மாத வாடகையை முன்னாலேயே வாங்குவது சென்னை வழக்கம். 2017இல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஒழிய, என்று ஒரு வரியும் அதிலேயே உண்டு. வீட்டுக்காரர்களுக்கு அந்த ஒரு வரி போதும். 2020இல் நாங்கள் காலி செய்தபோது வாடகை 13,000 ஆகியிருந்தது. பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் நகரத்தைத் திட்டுபவர்கள் சொல்வதுதான், நானும் சொல்கிறேன். 2019 கோடையில் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் லாரி சத்தம் கேட்டால் குடத்தோடு ஓட வேண்டும். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை டிவியில் பார்த்துக் கைதட்டிய ஊர் அது. மே மாதம் மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயர் தெரியாமலே மூன்று வருடம் போயிருக்கிறது.

ஆனால் அந்த வாடகைக்கு என்ன கிடைத்தது என்று யாரும் எழுதுவதில்லை. 2009இல் எங்கள் கம்பெனி ஆர்டர் இல்லாமல் மூடிவிட்டது. மூன்று வாரத்தில் அடுத்த வேலை கிடைத்தது. கிண்டி தொழிற்பேட்டையில் தெருத்தெருவாக நடந்து, வாசல் போர்டைப் பார்த்து, உள்ளே போய்க் கேட்டுக் கிடைத்த வேலை. ஒரு கதவு மூடினால் தட்டுவதற்கு இன்னும் நூறு கதவு இருக்கிற ஊர். உதகையில் ஃபிலிம் ஃபேக்டரி மூடியதை நினைத்துப் பாருங்கள். 1960களில் மத்திய அரசு கொண்டுவந்த ஆலை, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் போயிற்று, ஆலையும் போயிற்று. அங்கே வேலை பார்த்தவர்கள் போய் நிற்க மலையில் அதே மாதிரி இன்னொரு ஆலை இல்லை. மலை ஏறி இறங்கிச் சரக்கு வர வேண்டிய இடத்தில் இன்னொன்று எளிதில் வரவும் வராது.

அப்புறம், மலிவு என்பதும் நகரத்தில்தான் இருந்தது. பரங்கிமலையிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய். 2013இல் அம்மா உணவகம் வந்ததும் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. என் கணவர் ஆஃப்செட் அச்சகத்தில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அங்கேதான் சாப்பிட்டுவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போவோம். சுற்றிலும் எங்களால் எட்டிக்கூடப் பார்க்க முடியாத வீட்டு வாடகை. அதற்கு நடுவே ஏசி போட்ட கட்டடத்தில் எத்தனை புத்தகத்தை வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம், ஒரு பைசா கொடுக்க வேண்டாம். என் மகள் அங்கேதான் தரையில் உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொண்டாள். பெண்களுக்கு இலவசப் பஸ் நகரத்தில் 2021லேயே வந்துவிட்டது. எங்கள் மலைப் பஸ்ஸுக்கு அது வர 2024 ஆனது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் அந்த மூன்று வருடமும் டிக்கெட் வாங்கித்தான் போனார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் யாரும் என்னை "எந்த லைன்?" என்று கேட்டதில்லை. வீடு பார்க்கப் போனால் கறி சமைப்பீர்களா என்று கேட்பார்கள், அதற்குப் பின்னால் என்ன கேள்வி ஒளிந்திருக்கிறது என்று தெரியும், நாலு வீடு அப்படிப் போயிருக்கிறது. ஐந்தாவது வீடு கிடைத்துவிடும். ஆபீஸில் நான் அக்கவுன்ட்ஸ் மேடம். அந்தப் பதினேழு வருடமும் நிமிர்ந்து நடந்தேன்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 2014இல் அவருக்கு நெஞ்சு வலி வந்தபோது கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிழைத்தது தெய்வச் செயல். பிறகு சென்னைக்குக் கூட்டி வந்தோம். சென்ட்ரலுக்கு எதிரே அரசுப் பொது மருத்துவமனையில் பைசா செலவில்லாமல் ஆபரேஷன் செய்தார்கள். அதன்பின் இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். அந்த இரண்டு வருடம் நகரம் கொடுத்தது. அதை எந்த மேடையிலும் சொல்வேன்.

2016 நவம்பரில் ஒரு ராத்திரி அதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

"கேட்டு வருத்தமா இருக்கும்மா. ஆனா பாடிய இங்க கொண்டாராதீங்க. மத்த போர்ஷன்காரங்க எல்லாம் சங்கடப்படுவாங்க. உங்க ஊருக்கே எடுத்துட்டுப் போயிடுங்களேன்."

"சார், ஒரு ராத்திரி மட்டும். காலையில கிளம்பிடறோம் சார்."

"வேணாம்மா."

பன்னிரண்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் வாடகை கொடுத்த வீடு. அப்பா அந்த வாசப்படியை மறுபடி மிதிக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டி பிடித்து, ஐநூறு கிலோமீட்டருக்கு மேல், ராத்திரியோடு ராத்திரியாக வந்தோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது விடிந்துவிட்டது. தோட்டத்து மண் ரோடு பிரிகிற இடத்தில் முப்பது நாற்பது பேர், பெண்கள் கொழுந்துக் கூடையோடும் தலையில் போர்த்திய கம்பளியோடும் நிற்கிறார்கள். யாரும் சொல்லி வைக்கவில்லை. யார் வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் பந்தல் போட்டார்கள், குழி வெட்டியவர்களுக்கு யார் டீ கொடுத்தார்கள் எதுவும் எனக்குத் தெரியாது. மூன்று நாள் துக்க வீட்டில் அடுப்பு பற்ற வைக்கப்படவில்லை. எத்தனை சம்பளம் வாங்கினாலும் இதைச் சென்னையில் வாங்க முடியாது.

ஆனால் அப்பாவைக் கிடத்தியது பெரியப்பா மகன் வீட்டில். அண்ணன் அப்போதும் தோட்டத்தில் வேலையில் இருந்ததால் அந்த லைன் வீடு அவரிடம் இருந்தது. அவர் வீடும் இல்லாதிருந்தால் கோயில் மைதானத்தில்தான் கிடத்தியிருப்போம். அங்கே நாங்கள் வாடகைக்காரர்கள், இங்கே லைன்காரர்கள். இரண்டு ஊரிலும் அப்பாவுக்கு ஒரு கூரை சொந்தமில்லை. "நகரமா மலையா" என்று யாராவது பட்டிமன்றம் வைத்தால் எனக்கு அந்த ராத்திரிதான் நினைவுக்கு வருகிறது.

2020 ஊரடங்கில் கணவரின் அச்சகம் மூடியது. ஆகஸ்டில் இங்கே வந்துவிட்டோம். தேயிலை ஃபேக்டரி ஒன்றில் எனக்குக் கணக்கு வேலை, சென்னையில் வாங்கியதில் பாதிச் சம்பளம். அவர் பிக்அப் ஓட்டுகிறார். ராத்திரி கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். அதே கேரட் மண்டியில் ஏலம் போய், சில நாள் மறுபடி மலை ஏறி எங்கள் கடைக்கு வருகிறது, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி எல்லாம் சேர்ந்த விலையில். அரிசி, பருப்பு, எண்ணெய், சிமென்ட் எல்லாம் ஏறித்தான் வர வேண்டும். கம்பளி, ஹீட்டர், விறகு என்று சமவெளியில் தேவைப்படாத செலவு தனி. மலை மலிவு என்பவர்கள் ஒரு மாதம் எங்கள் மளிகைச் சிட்டையைப் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது வீடு. இங்கே நினைத்தபடி கட்டிவிட முடியாது. மலைப்பகுதிக்குத் தனிக் கட்டட விதிகள் உண்டு, உயரம் ஏழு மீட்டருக்குள், அனுமதிக்கு நாலு அலுவலகம். நான் அந்த விதிகளின் பக்கம்தான். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அதை மறந்துவிட்டு அடுக்குமாடி கேட்க எனக்கு மனம் வராது. ஆனால் கட்டக்கூடிய வீடுகள் குறைவு என்றால், இருக்கிற வீடுகள் யாருக்கு என்ற கேள்வி வருகிறதே. அதைத்தான் யாரும் கேட்பதில்லை. சுற்றுலா வாகனங்களை எண்ணுவதற்கு 2024 மே மாதம் நீதிமன்றம் சொல்லி இ-பாஸ் வந்தது. வருகிற வண்டிகளை எண்ணுகிறோம். வருடம் முழுக்க வாழ்வதற்கு வாடகைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த எத்தனை வீடுகள் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே ஆயின என்றும் எண்ண வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் நல்லவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். போன மாதம் வந்து வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதே. ஏப்ரலுக்குள்ள வீட்டக் குடுத்துடு. பையன் ஹோம்ஸ்டே போடலாம்ங்கிறான்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கும் உரத்துக்கும் சரியாகப் போய்விடுகிறது. ஃபேக்டரிக் கணக்கு எழுதுபவள் நான், அவர் சீட்டைப் பார்த்திருக்கிறேன். நான் மாதம் 8,000 தருகிறேன். சீசனில் அதே வீட்டுக்கு ஒரு நாளைக்கு 3,500. மூன்று நாளில் என் மாத வாடகை வந்துவிடும். தேயிலைக்கு நியாயமான விலை கிடைத்திருந்தால் அவர் அந்த வாசலில் வந்து நின்றிருக்க மாட்டார். சிறு விவசாயியின் கொழுந்து விலையும் என் வாடகையும் ஒரே பிரச்சினை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நல்லதும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2025 ஏப்ரலில் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை 700 படுக்கைகளோடு திறந்தார்கள். அப்பாவுக்கு அது பதினொரு வருடம் தாமதம். மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது, அவருக்கு உதவும். அதுபோல ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு ஒரு வீடு, ஃபேக்டரியிலும் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பவர்களுக்கு அரசு கட்டித் தரும் வாடகைக் குடியிருப்பு, இரண்டும் இந்த மலைக்கு வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகளைத் திரும்பி வரச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன்.

மகள் மூன்றாம் வருடம் முடிக்கப் போகிறாள். பெங்களூரில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளத்தில் பாதி ஹாஸ்டலுக்கே போய்விடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். "போ" என்றேன். என் அம்மா வைத்த அதே அடகுக் கடையில் நானும் வளையலை வைத்துவிட்டு வந்தேன்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், இரண்டு ரூமும் சமையல்கட்டும் உள்ள வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மாமனாருக்கு முழங்கால் வலி, படி அதிகம் இல்லாமல் இருந்தால் நல்லது. 9,000 வரை கொடுப்போம். வருடம் பன்னிரண்டு மாதமும் இருக்கிற மாதிரி வேண்டும்.