கருகிய எல்இடியை எந்தக் கணக்கில் எழுதுவது?

பள்ளி ரோபாட்டிக்ஸ் என்றாலே பல இடங்களில் கோடு பார்த்து ஓடும் கார்தான். ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் வெளியே வரும், நாலு பிள்ளைகள் ஓட்டிக் காட்டுவார்கள், மறுபடி பீரோவுக்குள் போய்விடும். மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது 6 முதல் 12 வரை படிக்கிற பிள்ளைகள் கையால் செய்து பழகத்தான். ஆனாலும் பூட்டுப் போடும் ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு பொருள் குறைந்தால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

ஆகவே முதல் வேலை ரிஜிஸ்டரில். எல்இடி, ரெசிஸ்டர், ஜம்பர் வயர், சென்சார் எல்லாவற்றையும் சாக்பீஸ் மாதிரி தீர்ந்துபோகும் பொருளாக எழுதுங்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 220 ஓம் ரெசிஸ்டர் போடாமல் 5 வோல்ட்டில் மாட்டினால் எல்இடி கருகத்தான் செய்யும். ஓரிரு ரூபாய்ப் பொருள். போகட்டும்.

அடுத்து, காரை விட்டுவிட்டு வீட்டை அளக்கச் சொல்லுங்கள். செட்டிநாட்டு வீட்டின் வாசலில் நின்றால் முகப்பு, வளவு எனப்படும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று கொல்லை வரை ஒரே நேராகத் தெரியும். "வளவுக்குள்ள போனா ஜில்லுனு இருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை டிகிரி ஜில்லு?

இதை அளக்க வேண்டியவை: ஆர்டுயினோ ஊனோ என்கிற சிறு கன்ட்ரோலர் போர்டு ஒன்று, தண்ணீர் புகாத டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் மூன்று, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 20 மீட்டர் லேன் கேபிள். டிஎச்டி11 என்கிற இன்னொரு வெப்பநிலை சென்சார் மலிவுதான், ஆனால் 2 டிகிரி முன்னே பின்னே காட்டும். நாம் தேடுகிற வித்தியாசமே அவ்வளவுதான் இருந்தால்? டிஎஸ்18பி20 அரை டிகிரிக்குள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருப்பதால் மூன்றையும் ஒரே டேட்டா வயரில் கோக்கலாம். கேபிளை ஒரே கோடாக இழுத்து வழியில் தெருத் திண்ணை, வளவுத் தாழ்வாரம், பின்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தொங்கவிட வேண்டும். நடுவிலிருந்து நாலாபுறமும் பிரித்தால் சிக்னல் குழம்பிவிடும். நகரத்தார் வீடு இதற்கென்றே கட்டினது போல நீண்டு கிடக்கிறது.

கம்ப்யூட்டர் திரையில் மைனஸ் 127 வந்தால் சென்சார் பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் ரெசிஸ்டரை மறந்திருப்பார்கள். அது டேட்டா வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் வர வேண்டும். கேபிள் நீளமானதால் தடுமாறினால் 2.2 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். 85 என்று வந்தால் அளந்து முடிப்பதற்குள் படித்துவிட்டீர்கள்; முக்கால் நொடி பொறுக்க வேண்டும். சென்சார் கையைச் சுட்டால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது, உடனே கழற்றுங்கள். கம்ப்யூட்டருக்கு போர்டே தெரியவில்லை என்றால் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகமாக இருக்கும், அல்லது மலிவு போர்டுக்கு வேண்டிய சிஎச்340 டிரைவர் மென்பொருளைப் போட்டிருக்க மாட்டார்கள்.

அளப்பதற்கு முன் மூன்றையும் ஒரே சொம்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகிறதோ அதை நோட்டில் எழுதி, பிறகு கழித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் மீதி எல்லாமே வீண். வளவில் வெயில் நேராக விழும் இடத்தில் வைத்தால் காற்றின் சூடு கிடைக்காது, சென்சாரின் எஃகுக் குழாய் எவ்வளவு காய்ந்தது என்றுதான் தெரியும்.

இதற்கு அடுத்ததாகப் பள்ளித் தோட்டத்து மண் ஈரம். கடையில் கிடைக்கிற இரட்டைக் கால் சென்சாரை 5 வோல்ட்டில் எந்நேரமும் விட்டு வைத்தால் சில நாட்களிலேயே ஒரு கால் அரித்துவிடும். பிளஸ் பக்கத்துச் செம்பு ஈரமண்ணில் கரைந்துபோகிறது, மின்னாற்பகுப்பு. சென்சாரின் பிளஸ் வயரை டிஜிட்டல் பின் ஒன்றில் மாட்டி, அரை மணிக்கு ஒரு முறை மட்டும் மின்சாரம் கொடுத்து, படித்ததும் நிறுத்தினால் நீண்ட நாள் வரும்.

ஆனால் முதல் சென்சாரை அரிக்கவே விடுங்கள். மின்வேதியியலுக்கென்றே சிக்ரி என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிற காரைக்குடியில் பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? ரிஜிஸ்டரில் காரணம் கேட்டிருக்கும் கட்டத்தில் "தொலைந்தது" என்று எழுத வேண்டாம். "நேர்முனை கரைந்தது" என்று அந்தப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும்.