பென்டோ மூடியின் உள்பக்கம்

பென்டோ என்கிற ஜப்பானியச் சாப்பாட்டு டப்பா என்றதும் நம்மவர்கள் பகிர்கிற படம் ஒரே மாதிரிதான் இருக்கும். நோரி என்கிற கடல்பாசித் தாளில் கண்ணும் மூக்கும் வெட்டி ஒட்டிய பாண்டா சோறு, பக்கத்தில் காலை விரித்து நிற்கிற ஆக்டோபஸ் சாசேஜ், பூவாக வெட்டிய கேரட். கீழே "இதுக்கெல்லாம் ஒரு பொறுமை வேணும்பா" என்று நாலு கமென்ட். எனக்கு அந்தப் படங்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. காலை ஏழு மணிக்கு எடுத்த படம் அது. மதியம் பன்னிரண்டுக்கு மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்து நின்றால் அந்த டப்பா தோற்றுவிட்டது, மேலே பாண்டா சிரித்தாலும் சரி.

யாருக்காகக் கட்டுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும். ஜப்பானில் ஆரம்பப் பள்ளிக்குப் போய்விட்டால் பெரும்பாலும் பள்ளியிலேயே சூடான மதிய உணவு உண்டு. 1954-லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளை விடுகிற ஹொய்குஎன் காப்பகங்களிலும் பொதுவாகச் சமையல் நடக்கும். ஆகவே சின்னப் பிள்ளை பென்டோ என்றால் முக்கியமாக யோச்சியென் என்கிற மழலையர் பள்ளி, மூன்று வயது முதல் ஆறு வயது வரை. அங்கேயும் பல இடங்களில் இப்போது வாரத்தில் சில நாள் பள்ளிச் சாப்பாடு, சில நாள் வீட்டு டப்பா. ஏப்ரலில் சேர்கிற மூன்று வயதுப் பிள்ளை ஆறிப்போன சாப்பாட்டைத் தானே திறந்து, தானே எடுத்துத் தின்று, தானே மூடிப் பைக்குள் வைக்க வேண்டும். ஊட்டிவிட ஆள் கிடையாது.

முதல் தப்பு கடையிலேயே நடந்துவிடுகிறது. மூன்று வயதுக்கு 280 முதல் 300 மி.லி. டப்பா போதும்; ஐந்து வயதுக்கு 360 முதல் 400. அந்த 280-ஐக் கையில் எடுத்தால் சொப்புச் சாமான் மாதிரி இருக்கும். "ரெண்டு வருஷமாவது வரட்டும்" என்று 500 வாங்கிவிடுவார்கள். அதை நிரப்பிக் கொடுத்தால் பாதி திரும்பி வரும். நிரப்பாமல் கொடுத்தால் பிள்ளை பையை ஆட்டுகிற ஆட்டத்தில் எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவியும். இந்தக் குவியலுக்கு 'யொரிபென்' என்று ஜப்பானியர் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை வீட்டில் நடக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அளவுக்கு ஒரு நல்ல கணக்கு உண்டு: சோறு மூன்று பங்கு, மீன்-கறி-முட்டை ஒரு பங்கு, காய் இரண்டு பங்கு என்று சந்தில்லாமல் அடுக்கினால், டப்பா எத்தனை மி.லி.யோ கிட்டத்தட்ட அத்தனை கிலோகலோரி. மூன்று முதல் ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு 1,250 முதல் 1,300 கிலோகலோரி என்கிறது 2020-ஆம் ஆண்டின் ஜப்பானிய அளவுகோல். சாயங்காலத் தீனியைக் கழித்து மீதியை மூன்று வேளைக்குப் பிரித்துப் பார்த்தால் 300-லிருந்து 400 மி.லி. டப்பா சரியாக வந்து உட்காரும்.

அலுமினிய டப்பாவா, பிளாஸ்டிக்கா என்பதைப் பள்ளியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். குளிர்காலத்தில் டப்பாக்களை மொத்தமாக ஒரு சூட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிற பள்ளிகள் உண்டு. அதற்கு அலுமினியம்தான் வேண்டும்; பிளாஸ்டிக் மூடி சூட்டில் வளைந்துபோகும். அந்த மாதங்களில் பழத்தைத் தனிக் கிண்ணத்தில் கொடுக்க வேண்டியதுதான், இல்லாவிட்டால் வெந்த ஆரஞ்சு சாப்பிட நேரும்.

இனி சோறு. மூன்று வயதுக்கு சுமார் 100 கிராம். சூடாக இருக்கும்போதே டப்பாவின் பாதியில் அள்ளி வைத்து, தொடுகறி வரப்போகிற ஓரத்தைக் கொஞ்சம் சரிவாக விட வேண்டும். ஆறின பிறகு வைத்தால் அது டப்பாவின் வடிவத்துக்கு வராமல் கட்டி கட்டியாக நிற்கும். அழுத்தக் கூடாது, அழுத்தினால் பிள்ளையின் கரண்டி இறங்காது. பிறகு மூடாமல் மின்விசிறிக்கு முன்னால், முடிந்தால் ஐஸ் பேக்கின்மேல், பதினைந்து இருபது நிமிடம். தொடுகறிகளை டப்பாவுக்குள் வைத்து ஆற்றாமல், அகலமான உலோகத் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஆற்றுங்கள். பாதி நேரத்தில் ஆறிவிடும். டப்பாவின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, கொஞ்சம்கூட வெதுவெதுப்பு இல்லாதபோதுதான் மூடி.

வெதுவெதுப்போடு மூடினால் ரெண்டு வேலை நடக்கும். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகிச் சோற்றின்மேலேயே சொட்டும். ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். சமைத்த சூட்டிலும் சாகாத வித்துகளை விட்டுவைக்கிற பாசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமி சோற்றில் சகஜம், அதற்குத் தேவைப்படுவதே இந்த மாதிரி நாலு மணி நேரம்தான். ரெண்டாவது வேலையைப் பலர் யோசிப்பதே இல்லை. உள்ளே இருக்கிற சூடான காற்று ஆறும்போது சுருங்கும். கேஸ்கட் போட்ட மூடி அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரியவர்களே நகத்தை விட்டு நெம்ப வேண்டியிருக்கும். மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? டீச்சரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஜப்பானியச் சோறு ஆறினாலும் மெத்தென்று இருக்கும், அமிலோஸ் என்கிற மாவுச்சத்து குறைவான குட்டை அரிசி அது. பொன்னியையோ பாசுமதியையோ இதே மாதிரி வெறுமனே அடைத்தால் மதியத்துக்குள் விறைத்துப் பருக்கை பருக்கையாக உதிரும், பிள்ளை கரண்டியில் அள்ளுவதற்குள் பாதி மடியில். இதற்கு நம் கட்டுச்சோற்றிலேயே பதில் இருக்கிறது: நல்லெண்ணெய் பூசிய புளியோதரை, அல்லது சூட்டோடு பாலில் குழைத்து ஒரு கரண்டி மட்டும் தயிர் விட்ட தயிர்சாதம். அதை விட்டுவிட்டு, ஆன்லைனில் 'பென்டோ' என்று பெயர் போட்டு விற்கிற அஞ்சு அறை டப்பாவில் வெள்ளைச் சோற்றை உருட்டி வைப்பது வீண் வேலை. முந்தின நாள் சோற்றை ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைப்பது அதைவிட மோசம். சோறு வேகமாகக் கட்டிப்போவது ஃபிரிஜ்ஜின் குளிரில்தான்.

பென்டோவுக்கென்றே மாற்றிச் செய்கிற பண்டம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் தமகோயாகியைப் பாருங்கள், அந்தச் சுருட்டின முட்டை. உணவகத்தில் கொடுப்பது தாஷி என்கிற மீன் சாறு ஊறி, கடித்தால் ஒழுகும். டப்பாவுக்கு அது ஆகாது. ரெண்டு முட்டைக்கு 2 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் சோயா சாஸ். அரை டீஸ்பூன் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சை 1 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும், கார்ன்ஃப்ளாரும் சரிதான். ஸ்டார்ச் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சர்க்கரை முட்டையை ஆறின பிறகும் மிருதுவாக வைக்கும். ஆறினால் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும் என்பதால் அந்த ரெண்டு டீஸ்பூனுக்குப் பயப்பட வேண்டாம். நீள்சதுரச் சட்டியில் எண்ணெய் தடவி, மூன்று தடவையாக ஊற்றிச் சுருட்டணும். சுருட்டி முடித்ததும் அடுப்பைச் சின்னதாக வைத்து மூடிபோட்டு ஒரு நிமிடம் விடுங்கள். நடுவில் பச்சையாக இருக்கவே கூடாது. ஜப்பானில் திரும்பத் திரும்பச் சொல்கிற கணக்கு, உணவின் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடம். பிறகு டிஷ்யூவில் சுற்றி வைத்து, முழுக்க ஆறின பிறகே வெட்ட வேண்டும். சூட்டில் வெட்டினால் வெட்டுவாயெல்லாம் நீர் கசியும். டப்பாவுக்கு ஒன்றரை செ.மீ. கனத்தில் ரெண்டு துண்டு. மீதி வீட்டில் இருப்பவர்களுக்குக் காலைப் பலகாரம்.

கீரையிலும் இதே பகை. பசலையை ஒரு நிமிடம் வேகவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பிழிந்தால் போதும் என்று நினைப்போம். போதாது. பிழிந்த கீரையில் அரை டீஸ்பூன் சோயா சாஸ் தெளித்துப் பிசறி இன்னொரு தடவை பிழியணும். உப்பு பட்டதும் உள்ளே ஒளிந்திருந்த தண்ணீர் வந்துவிடும். அதற்கு மேல் பொடித்த எள்ளோ, கட்சுவோபுஷி என்கிற காய்ந்த மீன் சீவலோ போட்டுப் பிரட்டினால் மிச்ச ஈரத்தையும் அது குடித்துவிடும். கிண்ணத்தின் அடியிலும் ஒரு சிட்டிகை சீவல் போட்டு அதன்மேல் கீரையை வைப்பார்கள். ருசிக்கு ருசி, வேலைக்கு வேலை. சின்னப் பிள்ளைக்கு ரெண்டு செ.மீ.க்கு மேல் நீளமாக வெட்ட வேண்டாம், நார் பல்லில் மாட்டி அப்படியே துப்பிவிடும். அழகுக்காகச் சோற்றுக்கும் கறிக்கும் நடுவில் பச்சை லெட்யூஸ் இலையைச் செருகுகிறார்களே, அதை ஜூன் மழை தொடங்கினதும் நிறுத்திவிடுவது நல்லது. பச்சை இலை ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். சிலிக்கோன் கப் போதும்.

குட்டித் தக்காளி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சிவப்புக்காக எல்லோரும் வைப்பது அதுதான். ஆனால் 2016-இல் ஜப்பான் அரசு காப்பகங்களுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் கொடுத்த விபத்துத் தடுப்பு வழிகாட்டி, சமையலில் தவிர்க்கச் சொல்கிற பண்டங்களில் குட்டித் தக்காளி, திராட்சை, காடை முட்டை மூன்றும் இருக்கின்றன. உருண்டையாக, வழவழப்பாக இருப்பது மூச்சுக்குழலை அடைத்துவிடும் என்பதால். 2024 பிப்ரவரியில் ஃபுக்குவோக்கா மாகாணத்தில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிச் சாப்பாட்டில் வந்த காடை முட்டை தொண்டையில் சிக்கி இறந்துபோனான். நாலாக வெட்டி வைக்கலாம் என்பார்கள். வெட்டின தக்காளி நாலு மணி நேரத்தில் டப்பாவையே நனைத்துவிடும். ரெண்டுக்கும் நடுவில் மல்லுக்கட்டாமல் சிவப்புக் குடைமிளகாயை எண்ணெயில் வதக்கி வைத்துவிடுங்கள். சாசேஜையும் முதலில் நீளவாக்கில் ரெண்டாகப் பிளந்துவிட்டு அப்புறம் ஆக்டோபஸுக்குக் கால் கீறுங்கள். தலை உருண்டையாக இருக்கக் கூடாது. முந்திரி, வேர்க்கடலை மாதிரிக் கெட்டிக் கொட்டைகளை ஐந்து வயது வரை கொடுக்கவே வேண்டாம் என்று அங்கே நுகர்வோர் விவகார முகமை 2021-இல் எச்சரித்திருக்கிறது. பண்டத்தில் செருகுகிற, கண்ணைப் பறிக்கிற பிளாஸ்டிக் குச்சிகளும் அப்படித்தான். பல யோச்சியென்களில் குத்திக்கொள்ளும் என்று அனுமதிப்பதில்லை.

உறைய வைத்த பண்டத்தில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. ஜப்பானியக் கடைகளில் 'ஷிசென் கைதோ', அதாவது தானாக உருகவிட்டுச் சாப்பிடலாம் என்று அச்சிட்ட சின்னச் சின்னத் தொடுகறிகள் கிடைக்கும். ஃபிரீசரிலிருந்து எடுத்து அப்படியே டப்பாவில் வைத்தால் மதியத்துக்குள் உருகிவிடும். 35 டிகிரியில் 9 மணி நேரம் வைத்துக் கிருமி பெருகுகிறதா என்று சோதித்துத்தான் அந்த வரியைப் போடுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து உறைய வைத்த கறி உருண்டையையும் அப்படியே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. வீட்டில் உறைய வைத்ததைக் காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி, திரும்ப ஆற்றித்தான் வைக்க வேண்டும். சிரமம்தான், குறுக்கு வழி இல்லை. ஐஸ் பேக்கையும் டப்பாவுக்கு அடியில் வைக்காதீர்கள்; குளிர்ந்த காற்று கீழே இறங்கும், பேக் மூடிக்கு மேலே இருக்கணும்.

பாண்டாவுக்கு வருகிறேன். க்யாராபென் என்கிற பொம்மை முகப் பென்டோவை நான் எதிர்ப்பது அழகுக்காக மெனக்கெடுகிறார்கள் என்பதால் அல்ல. அந்த முகத்துக்கு இருபது நிமிடம் விரல் படுகிறது. கையில் இருக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் என்கிற கிருமி சோற்றில் இறங்கி விஷத்தைச் சுரந்துவிட்டால், திரும்பக் கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் அழியாது. அதனால்தான் அங்கே சாதாரண ஒனிகிரி உருண்டையைக்கூடப் பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். உமேபோஷி ஊறுகாய் ஒன்றை நடுவில் வைத்தால் டப்பா முழுக்கக் கெடாது என்பதும் நம்பிக்கைதான். அது தொடுகிற இடத்தோடு சரி, பொடியாக நறுக்கிச் சோறு முழுக்கப் பிசறினால்தான் பலன். நோரி கண்ணும் மூக்கும் சோற்றின் ஈரத்தை இழுத்துச் சுருங்கிவிடுவதால், காலையில் சிரித்த பாண்டா மதியம் முறைத்துக்கொண்டிருக்கும். ஆசைப்பட்டால் நோரியைச் சீஸ் துண்டின்மேல் ஒட்டி, ரெண்டையும் சேர்த்து இடுக்கியால் எடுத்து வைக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் குளிர்காலத்தில்.

அடுக்குகிற வரிசை இதுதான்: சோறு, பிறகு நகராத பெரிய துண்டு, அடுத்து கப்பில் இருக்கிற கீரை, கடைசியில் சந்தை அடைக்க வெந்த பிராக்கோலி. பிராக்கோலியின் பூ தண்ணீரைப் பிடித்து வைக்கும், தலைகீழாக டிஷ்யூவில் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். மூடினபின் டப்பாவைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு குலுக்கு. உள்ளே எதுவும் நகர்கிற சத்தம் கேட்டால் இன்னொரு பிராக்கோலிக்கு இடம் இருக்கிறது.

முதல் ரெண்டு வாரம் புதுப் பண்டம் எதையும் வைக்காமல், பிள்ளைக்குப் பிடித்ததை மட்டும், அதுவும் அது தின்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். காலி டப்பாவோடு திரும்புகிற பிள்ளைக்கு மறுநாள் டப்பா மேல் பயம் இருக்காது. மூடியையும் பை நாடாவையும் பள்ளிக்கு அனுப்பும் முன் வீட்டில் நாலு நாள் திறந்து மூடிப் பழக்குங்கள். சாயங்காலம் டப்பா வந்ததும் மூடியிலிருந்து அந்தக் கேஸ்கட்டைப் பல்குச்சியால் நெம்பி எடுத்துத் தனியாகக் கழுவி, இரவு முழுக்க வெளியே காயவிட்டு, காலையில் மாட்டுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கேஸ்கட் மட்டும் தனியாக விற்கிறார்கள்.