காவலூருக்குப் பெருமை சேர்க்கப் பொய் எதற்கு?

தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 நெருங்கினால் போதும், எங்கள் பெங்களூரு அடுக்குமாடியின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஃபார்வேர்டு வந்துவிடும். "யுரேனஸின் வளையங்களை உலகிலேயே முதலில் கண்டுபிடித்தது நம் காவலூர் வானாய்வகம்! நாசா மறைத்த உண்மை!" கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், கொடிகள். இந்த முறை "முழுசா அப்படி இல்லைங்க" என்று ஒரு வரி போட்டேன். "தமிழன் சாதிச்சா உங்களுக்குப் பிடிக்காதே" என்று உடனே பதில். அங்கே நாலு வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

உலக நேரப்படி 1977 மார்ச் 10. நமக்கு நள்ளிரவு தாண்டி 11ஆம் தேதி பிறந்துவிட்டது. யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு கடக்கப்போகிறது என்று முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். நட்சத்திர ஒளி எப்படி மங்கி மறைகிறது என்று அளந்தால் அந்தக் கிரகத்தின் அளவும் வளிமண்டலமும் தெரியவரும். எல்லோரும் தயாரானது அதற்காகத்தான். வளையத்தைத் தேடி யாருமே போகவில்லை. அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழு, தொலைநோக்கி பொருத்திய நாசாவின் கைப்பர் விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடி வரை பறந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் வானாய்வகம் காத்திருந்தது. ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு மேலே, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கணிப்பில் சில நிமிடங்கள் முன்பின் ஆகலாம் என்பதால் விமானத்தில் கருவிகளை அரை மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே ஓடவிட்டார்கள். கிரகம் வருவதற்கு முன்பே நட்சத்திரம் சில நொடிகள் மங்கி, மறுபடி ஒளிர்ந்தது. ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. காவலூரின் பதிவிலும் சில நொடிகளுக்கு ஒளி குறைந்து ஒரு பள்ளம் தெளிவாக விழுந்திருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதை அலசி, அதே ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்கள். என்னவென்று? யுரேனஸுக்கு ஒரு புதிய நிலா என்று!

ஆமாம், நிலா. ஃபார்வேர்டில் இது மட்டும் இருக்காது.

அது அசட்டுத்தனமான ஊகம் ஒன்றும் இல்லை. விமானத்தில் இருந்தவர்களுக்கும் முதலில் தோன்றியது சின்னச் சின்ன நிலாக்கள்தான். ஒரே ஒரு பள்ளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலாவா வளையமா என்று எப்படிப் பிரிப்பது? காக்கை பறந்தால் அதன் நிழல் ஒரு மொட்டைமாடியைத் தொட்டுவிட்டுப் போகும். கரண்ட் கம்பியின் நிழலோ தெரு நீளத்துக்கும் கிடக்கும். உங்கள் மாடியில் மட்டும் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நூறு கிலோமீட்டர் நிலா என்றால் அதன் நிழலும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் அகலம்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெர்த்திலும் விமானத்திலும் காவலூரிலும் அது விழுந்தது என்றால் நம்புவது கஷ்டம். போதாததற்கு, கிரகம் கடந்து முடிந்த பிறகும் விமானத்தின் பதிவில் அதே மாதிரி பள்ளங்கள், கிரகத்திலிருந்து கிட்டத்தட்ட அதே தூரங்களில். இரண்டு பக்கமும் அப்படி வந்தால் அது வளையமாகத்தான் இருக்க முடியும்.

சரி, காவலூர்க்காரர்கள் அப்புறம் என்ன செய்தார்கள்? எனக்குப் பிடித்த இடமே இதுதான். தங்கள் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், அதே 'நேச்சர்' இதழில், பட்டாச்சார்யாவும், காவலூர் ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவும் சேர்ந்து, சனிக்கு இருப்பதைப் போன்ற வளைய அமைப்பு யுரேனஸுக்கு இருக்கிறது என்று எழுதினார்கள். முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. இரண்டு கட்டுரையும் அச்சில் இருக்கின்றன, நாசா எதையும் மறைக்கவில்லை. அந்த மாற்றத்தை மறைப்பது நம் ஃபார்வேர்டுதான்.

நான் பெருமைப்படுவது வேறு ஒன்றுக்கு. அந்தத் தொலைநோக்கி காவலூருக்கு வந்ததே 1972இல்தான். வந்த வருடமே, வியாழனின் நிலாவான கேனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அதில் பதிவு செய்தார்கள். ஐந்தே வருடத்தில் யுரேனஸ். உலகம் முழுக்க எத்தனையோ பெரிய கண்ணாடிகள் இருந்தாலும், நிழல் விழும் இடத்தில் அந்த நிமிடத்தில் விழித்திருப்பவர்தான் இதைப் பார்க்க முடியும். "யார் முதல்" என்ற சண்டையே இந்த வேலைக்குப் பொருந்தாது. பெர்த் இல்லாமல் காவலூரின் பள்ளத்துக்கு அர்த்தம் கிடைத்திருக்காது, தனியாக நின்றிருந்தால் பெர்த்துக்கும் அதே கதிதான்.

இது பழங்கதையும் இல்லை. 2013இல் சாரிக்லோ என்ற சுமார் 250 கிலோமீட்டர் பாறைக்கு வளையம் இருப்பது தெரிந்தது இதே முறையில்தான். 2017இல் நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும் ஹௌமியா என்ற குறுங்கோள். அதே பகுதியில் இருக்கும் குவாவாருக்கு 2023இல் அறிவித்த வளையம் இன்னும் பெரிய தலைவலி. குவாவாரிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிலாவாகத் திரண்டிருக்க வேண்டும் என்பது நாம் படித்த பாடம். அவை திரளவில்லை. தூசு எப்போது சேர்ந்து உருண்டையாகும், எப்போது சேராது என்பது கிரகங்கள் உருவான கதையின் அடிக்கேள்வி. அதில் ஒரு முடிச்சு இப்படி ஒரு நிழலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதில் ஈடுபட மலை உச்சி ஆய்வகமே வேண்டும் என்றும் இல்லை. சிறிய விண்பாறைகள் நட்சத்திரங்களை மறைப்பதைச் சொந்தத் தொலைநோக்கியில் பதிவு செய்து அனுப்பும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பெங்களூரு மொட்டைமாடியிலும் முயலலாம், மழையும் விளக்குகளும் விட்டால்.

காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிலையம் நம் கோரமங்களாவில்தான் இருக்கிறது. வாரம் தவறாமல் அந்த வழியாக டிராஃபிக்கில் திட்டிக்கொண்டே போகிறோம். அடுத்த பிப்ரவரியில் அந்த ஃபார்வேர்டை அனுப்புவதற்குப் பதில், அங்கிருந்து ஒருவரை அழைத்து அந்த இரண்டு கட்டுரைகளைப் பற்றியும் நம் பிள்ளைகளிடம் பேசச் சொல்வோமா? யார் அழைப்பது என்று குழுவில் முடிவு செய்யுங்கள். அன்று இரவு மாடியில் இருக்கும் அந்த ராட்சத ஃபிளட்லைட்டை அணைக்கச் சொல்லி அசோசியேஷன் செக்ரட்டரியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.