குப்பைமேடு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

போன ஞாயிறு, சிங்கப்பூரின் லோரோங் ஹாலுஸ் ஈரநிலத்தில் பிள்ளைகளோடு பறவை பார்க்கப் போன நடையில் நடந்தது உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். அதன் காணொளியைப் பார்த்துவிட்டு நேற்று முழுக்க எனக்குக் கேள்விகள் அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள். அதனால் முழுக் கதையையும் மறுபடி எழுதவில்லை. நடைக்குழுவை அழைத்துப்போன வழிகாட்டித் தம்பி பிள்ளைகளிடம் சொன்ன ஒரு வரிதான் இன்னும் உறுத்துகிறது.

"இங்க முன்னாடி ஒண்ணுமே இல்ல. இயற்கை தானாவே திரும்பி வந்துடுச்சு."

நான் கையைத் தூக்கி, "தம்பி, இது குப்பைமேடா இருந்துச்சு. எங்கப்பா இங்கதான் வேலை பார்த்தாரு" என்றேன். "ஆன்ட்டி, பிள்ளைங்க பறவை பார்க்க வந்திருக்காங்க. அந்த அசிங்கமெல்லாம் இப்ப வேணாமே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அசிங்கம் என்ற அந்தச் சொல்லோடுதான் நான் பேருந்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

ஒன்றுமே இல்லையா? 1970லிருந்து 1999 மார்ச் 31 வரை நம் வீட்டுக் குப்பை லாரி லாரியாக வந்து கொட்டிய இடம் அது. 1979இல் உலு பாண்டானில் முதல் குப்பை எரியாலை வரும்வரை இந்த ஊரில் குப்பையைப் புதைப்பதுதான் வழி. வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் மலம் போய்ச் சேர்ந்த இடமும் லோரோங் ஹாலுஸ்தான். அந்த வழக்கம் 1987இல்தான் முடிந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இதெல்லாம் நினைவிருக்கும். பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தானே!

இயற்கை தானாகத் திரும்பி வந்தது என்பதும் உண்மையில்லை. அந்தக் குப்பை எங்கேயும் போய்விடவில்லை, மண்ணுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. பெய்கிற மழை அதற்குள் இறங்கி, அமோனியாவும் மற்றதும் கலந்த கறுத்த நீராகக் கசிகிறது. பக்கத்திலேயே சிராங்கூன் நீர்த்தேக்கம். ஆற்று முகத்தை அணைபோட்டு அடைத்து 2011இல் உண்டாக்கிய அந்த நீர்த்தேக்கத்துத் தண்ணீர் நாம் குடிக்கிற தண்ணீர். கசிவு அதில் கலக்காமல் இருக்க, கரையோரம் 6 கிலோமீட்டருக்கும் மேல் நிலத்தடிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். கசிகிற நீரைக் குழாய் வைத்துச் சேர்த்து, பம்பு போட்டு ஏற்றி, நாணலும் சம்பும் வளர்ந்த பாத்திகளுக்குள் விடுகிறார்கள். வேரைச் சுற்றியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. அந்தத் தம்பி கைகாட்டி "எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றாரே, அந்த நாணல்காடு இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது. குப்பைமேடு என்பதை எடுத்துவிட்டால் அந்த நாணல் அங்கே ஏன் நிற்கிறது என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பீர்கள்?

அப்பா 1974இல் நாட்சம்பளத்துக்குச் சேர்ந்தார். முதலில் குப்பை லாரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போகிற வேலை, பிறகு மேட்டிலேயே. விடியுமுன் கிளம்பிவிடுவார். சாயங்காலம் வந்ததும் வீட்டுக்குள் நுழைய மாட்டார். காலணியை வெளியே கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டு, நேராகக் குளியலறைக்குப் போவார். லைஃப்பாய் சவுக்காரம் ஒரு வாரத்துக்கு ஒரு கட்டி கரையும். குளித்து வந்து கையை முகர்ந்து பார்ப்பார். அப்புறம்தான் என்னைத் தூக்குவார்.

பள்ளியில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் டிரைவர் என்பேன். ஒருநாள் உண்மை தெரிந்து, பக்கத்தில் இருந்த பிள்ளை நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டது. வீட்டில் நான் அதைச் சொல்லவே இல்லை. இப்போது ஐம்பது வயதாகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி சொன்னதைக் கேட்டபோது மறுபடி அந்த நாற்காலி நகர்கிற சத்தம்தான் கேட்டது.

2012இல் அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். பொங்கோல் பக்கத்திலிருந்து சிவப்புப் பாலத்தின் மேல் நடந்து போனோம். பாதிப் பாலத்தில் நின்று நன்றாக மூச்சை இழுத்து, "நாத்தமே வரலையே" என்றார். தூக்கணாங்குருவிக் கூடுகளைக் காட்டினேன், பார்த்தார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எங்க போவுது?" மழை பெய்தால் மேட்டடியிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் கசிவதைத் தினம் பார்த்தவர் அவர். பலகையில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். குழாய், பம்பு, நாணல் என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "நல்ல வேலை செஞ்சிருக்கானுங்க" என்றார். நாலு வருடம் கழித்து இறந்துபோனார். அந்த இடத்தைப் பற்றி அவர் கேட்டதைவிடச் சரியான கேள்வியை வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். "பழைய நாற்றத்தைக் கிளறினால் ஜனங்கள் பயப்படமாட்டார்களா, அந்தப் பக்கம் யாராவது வருவார்களா?" அந்தச் சுவரும் பம்பும் எதற்கு என்று தெளிவாகச் சொன்னால் பயம் ஏன் வரப்போகிறது?

"நம்மாட்கள் இன்னும் எத்தனை நாளைக்குத் துப்புரவு வேலைப் பெருமை பேசுவது? நம் பிள்ளைகள் டாக்டராக, வக்கீலாக வந்த பிறகு இது தேவையா?" இது வெளியாள் எழுதியதில்லை, நமக்குள் இருக்கிற ஒருவர் எழுதியது. அதுதான் வலிக்கிறது. ஐயா, அந்த டாக்டர்களில் எத்தனை பேர் இப்படிப்பட்ட சம்பளத்தில் படித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? என் கூடப்பிறந்த தம்பி பாலிடெக்னிக் முடித்தது அந்தச் சம்பளத்தில்தான். இந்த ஊரின் தெருவையும் சாக்கடையையும் சுத்தம் செய்தவர்களில் தமிழர்கள் எத்தனை பேர்! அதை வெட்கமாக நினைக்கிறவர் நீங்கள். நான் இல்லை, இனிமேல் இல்லை.

இன்னொருவர், "இயற்கையைப் பாராட்டும் இடத்தில் ஏன் அப்பாவைக் கொண்டுவருகிறீர்கள்?" என்றார். அப்பா ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார். இருபது வருடத்துக்கும் மேல் அவர் நடந்த மண் அது.

லோரோங் ஹாலுஸ் மூடிய மறுநாளே, 1999 ஏப்ரல் 1, செமக்காவ் தீவுக் குப்பைமேடு திறந்தது. கடலுக்குள் 7 கிலோமீட்டர் கல்கரை கட்டி, எரித்த சாம்பலை அங்கே கொட்டுகிறோம். 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்கிறார்கள். அங்கேயும் அலையாத்தி மரமும் பறவையும் இருக்கின்றன. நாளை ஒரு பிள்ளையிடம் அங்கே நின்றுகொண்டும் "இங்க ஒண்ணுமே இல்ல" என்றுதான் சொல்வோமா? நம் வீட்டு வாசலில் பையைக் கட்டிப் போட்டதோடு குப்பை மறைந்துவிட்டது என்று நினைக்கிறோமே, அது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. இன்றைக்கு அந்தப் பையைத் தூக்குகிறவர்கள் வேறு நாட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கும் வீட்டில் ஒரு மகள் இருப்பாள்.

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைத் தேடிப்போய்த் திட்டாதீர்கள், தயவுசெய்து. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வருகிற ஞாயிறு காலை 8 மணிக்குச் சிவப்புப் பாலத்தின் ஹாலுஸ் பக்கத்து முனையில் நிற்பேன். பிள்ளைகளை அழைத்து வாருங்கள், குடை கொண்டுவாருங்கள். முதலில் குப்பைமேட்டைப் பற்றிச் சொல்வேன், அப்புறம் தூக்கணாங்குருவிக் கூட்டைக் காட்டுகிறேன். அந்தத் தம்பியும் வந்தால் அவருக்கும் சேர்த்துக் கோப்பி கொண்டுவருகிறேன்.