அலமாரியில் கஞ்சா வளர்த்து விற்கலாமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கஞ்சாவுக்கு இப்போது முழு அனுமதி. வீட்டு அலமாரியில் நான்கு செடி வளர்த்து, மிச்சத்தை விற்றுக்கொள்ளலாம். விளக்குக்கு ஒரு சாதாரண பல்பு செலவுதான்."

பாதி உண்மை, பாதி வம்பு.

தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2018 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பு சொன்னது உண்மை. ஆனால் அதில் அனுமதிக்கப்பட்டது, வயதுவந்தவர் தனியிடத்தில் தன் சொந்த உபயோகத்துக்கு வளர்ப்பதும் வைத்திருப்பதும் மட்டுமே. நான்கு என்ற எண் தீர்ப்பில் கிடையாது. அளவை முடிவு செய்வதை நாடாளுமன்றத்திடம் விட்டது நீதிமன்றம். 2024 மே மாதம் ஜனாதிபதி ராமபோசா கையெழுத்திட்ட சட்டமும் அளவை நேரடியாகச் சொல்லாமல், பிறகு வரும் விதிமுறைகளுக்குத் தள்ளியது.

விற்பனை? இந்தத் தீர்ப்பும் சரி, சட்டமும் சரி, அதற்கு வழி திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் காசுக்குக் கொடுத்தாலும் அது வியாபாரம்தான்.

சரி, அந்த பல்பு கணக்கு. வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் 600 வாட் விளக்கு தினம் 12 மணி நேரம் எரிந்தால் 7.2 யூனிட், 30 நாளில் 216. மின்விசிறி தனி. இதே நேரம் எரியும் 9 வாட் எல்இடி பல்புக்கு மாதம் சுமார் 3 யூனிட்தான் ஆகும். ப்ரீபெய்ட் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.